மோரிஸ் மைனருக்குக் கதவு, மட்கார்டு, பானெட் பொருத்திக் கேப் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிய மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கும். அதை எடுத்துப் புதுப்பிக்க ஆசைப்படும் தம்பிமார்கள் எஞ்சினை எப்படியாவது ஓட வைத்துவிடுகிறார்கள். கதவு, மட்கார்டு, பானெட் (எஞ்சின் மூடி) என்று வரும்போதுதான் தடுமாற்றம். ஒரு பக்கம் கதவு இடிக்கும். மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கேப், அதாவது தகடுகளுக்கு நடுவே இடைவெளி, நிற்கும். உடனே கேப் தெரியும் இடத்திலேயே சுத்தியலைப் போடுவார்கள்.

கேப் தெரியும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு. கதவின் பின் ஓரம் தொங்கினால் காரணம் முன்னால் உள்ள கீலில் இருக்கலாம், கதவுக்கு அடியில் இருக்கலாம், வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்திய விதத்தில்கூட இருக்கலாம். அதனால்தான் இந்த வேலையில் வரிசை முக்கியம். அசையாத பகுதியிலிருந்து தொடங்கி, அசைக்கக்கூடியதை நோக்கிப் போக வேண்டும்.

1956 முதல் 1970 வரை வந்த மைனர் 1000 சலூனை (நிலையான கூரை உள்ள காரை) மனதில் வைத்து எழுதுகிறேன். மட்கார்டு போல்ட்டில் நிற்கும் மற்ற பழைய பிரிட்டிஷ் கார்களுக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். நல்ல டிராலி ஜாக், நான்கு ஸ்டாண்டு, ரப்பர் சுத்தியல், தட்டி நிமிர்த்தும் சுத்தியலும் தட்டும்போது தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் டாலி இரும்பும், சில கட்டைத் துண்டுகள், அளவு நாடா, மாஸ்கிங் டேப், பென்சில், பழைய கம்பளி. கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப்பை ஒரு நாளைக்குக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். மட்டம் பார்க்க அதைவிட மலிவான, நம்பகமான கருவி கிடையாது.

கேப் அளக்க டிரில் பிட்டின் அடித்தண்டே போதும். 3, 4, 5 மி.மீ என மூன்று பிட் எடுத்துக்கொள்ளுங்கள். எது இறுக்கமில்லாமல் நுழைகிறதோ அதுதான் அந்த இடத்துக் கேப். கண்மதிப்பு ஏமாற்றும், வெயில் படும் பக்கம் கேப் சின்னதாகத் தெரியும், நிழல் பக்கம் பெரிதாகத் தெரியும்.

கீலுக்குப் பின்னால் இடம் நிரப்ப வைக்கும் ஷிம் தகடுகளை 0.5 மி.மீ, 1 மி.மீ கனத்தில் நிறைய வெட்டி வையுங்கள். டின் தகரத்தை மடித்து வைப்பவர்கள் உண்டு. அது நாளடைவில் நசுங்கும், கீல் மறுபடி தளரும். ஒரே தகடாக வெட்டியதுதான் நிற்கும்.

போல்ட் விஷயத்தில் கவனம். மைனர் 1000-இல் பெரும்பாலும் அங்குல அளவு, யூ.என்.எஃப் என்ற நெருக்கமான மரை. இன்று ஹார்ட்வேர் கடையில் சும்மா போல்ட் கேட்டால் மில்லிமீட்டர் போல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அதனால் எம்8 போல்ட் பொருந்துவதுபோலவே தெரியும், ஒன்றிரண்டு சுற்று உள்ளேயும் போகும். ஆனால் மரை இடைவெளி வேறு. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உள்ளே கூண்டுக்குள் இருக்கும் நட்டு நாசம், அதை மாற்றத் தகட்டையே வெட்ட வேண்டியிருக்கும். எந்தப் போல்ட்டும் முதல் நான்கு சுற்று வெறும் விரலால் போக வேண்டும். போகவில்லையென்றால் நிறுத்துங்கள்.

2. கழற்றுவதற்கு முன் எழுதி வையுங்கள்

வண்டி முழுசாக உங்கள் கைக்கு வந்திருந்தால் இது பெரிய அதிர்ஷ்டம், வீணாக்காதீர்கள். ஒவ்வொரு கேப்பின் ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 10 செ.மீ-க்கு ஒருமுறை அளவை எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீலுக்குப் பின்னாலும் எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதிய துண்டோடு சேர்த்து அந்த ஷிம்களைத் தனிப் பையில் போடுங்கள்.

துருப்பிடித்த வண்டியின் பழைய அளவு எதற்கு என்று கேட்பார்கள். அது தவறான அளவாகவே இருக்கட்டும். கேப் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், வண்டி நடுவில் எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். தகடுகளைக் கழற்றிய பிறகு அந்தத் தடயம் போய்விடும்.

அப்புறம், பாடியில் கதவு உட்காரும் துளைக்கு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள்: முன்மேல் மூலையிலிருந்து பின்கீழ் மூலை, பின்மேலிருந்து முன்கீழ். இந்த இரண்டும் சமமாக இருக்காது, துளையே சதுரம் இல்லையே. ஆனால் இடது பக்கத்து எண்ணும் வலது பக்கத்து எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 3 மி.மீ-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது அல்லது எப்போதோ இடிபட்டிருக்கிறது.

3. தரையும் வண்டி நிற்கும் நிலையும்

மைனர் சலூனுக்குத் தனியாக சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லை. பாடியே சேசிஸ். ஆகவே வண்டியை எங்கே தாங்குகிறீர்களோ அதற்கேற்ப பாடி கொஞ்சம் வளையும், கேப்பும் மாறும். நான்கு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, எஞ்சின் இல்லாமல், கேப்பை அழகாகச் சரிசெய்து முடித்து, பிறகு சக்கரத்தில் இறக்கியதும் எல்லாம் மாறிப்போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வண்டி சொந்தச் சக்கரத்தில், சொந்த ஸ்பிரிங்கில், எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்க நிற்கட்டும். எஞ்சினை வைக்க வழியில்லையென்றால் அதன் எடைக்குச் சமமாக மணல் மூட்டையாவது முன்னால் கட்டி வையுங்கள்.

வீட்டு முன் சிமெண்டுத் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டதாகத்தான் இருக்கும். தண்ணீர் டியூப்பை வைத்து நான்கு சக்கரத்தின் அடியையும் பாருங்கள். தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து மட்டமாக்குங்கள். நான்கு டயரிலும் காற்று ஒரே அளவு. இதைச் செய்யப் பாதி நாள் ஆகலாம். செய்யாவிட்டால் பிறகு வரும் எந்த அளவையும் நம்ப முடியாது.

4. அடிப்பெட்டியைச் சோதியுங்கள்

கதவுக்கு அடியில் முன்னிருந்து பின் வரை ஓடும் பெட்டி போன்ற இரும்பைத்தான் அடிப்பெட்டி என்கிறேன். பட்டறையில் சில் என்பார்கள். மைனரின் பலமே அதிலும் தரைக்குக் கீழே குறுக்கே போகும் இரும்பிலும்தான். முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாருடைய பின்முனை அந்தக் குறுக்கு இரும்பில்தான் பூட்டியிருக்கும். ஆகவே வண்டியின் முன்பாரம் அங்கே வந்து இறங்குகிறது. அது உளுத்துவிட்டால் மேலே என்ன செய்தாலும் நிற்காது.

சோதனை எளிது. கதவை மூடி, கேப் அளவை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ஜாக் இடத்தில் ஜாக்கைக் கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை மெதுவாகத் தூக்குங்கள். மறுபடி அளவுங்கள். நல்ல பாடியில் வித்தியாசம் தெரியாது என்றே சொல்லலாம். 2 மி.மீ மாறினால், அல்லது கதவைத் திறந்து மூட முடியாமல் பிடித்துக்கொண்டால், கேப் வேலையை ஒத்திவையுங்கள். முதலில் வெல்டிங்.

அந்த வெல்டிங்குக்கும் ஒரு விதி. பழைய இரும்பை வெட்டுவதற்கு முன்பே கதவுத் துளையின் குறுக்கே, முன்தூணிலிருந்து பின்தூணுக்கு, சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு பண்ணிப் பூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். புது இரும்பைப் பொட்டுப் பொட்டாகப் பிடித்ததும், முழு வெல்டு போடுவதற்கு முன், அந்தக் குறுக்குக் குழாயைக் கழற்றிக் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இந்த இடத்தில் 5 மி.மீ தப்பு இருந்தால் பொட்டை உடைத்துச் சரிசெய்துவிடலாம். முழு வெல்டு போட்ட பிறகு அந்த 5 மி.மீ உங்களோடு ஆயுள் முழுக்க வரும். சரி என்று தெரிந்ததும் குறுக்குக் குழாயை மறுபடி போட்டுவிட்டு முழு வெல்டுக்குப் போங்கள்.

திறந்த கூரை மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி இரட்டிப்பு முக்கியம். மேலே கூரை பிடித்துக்கொள்ளாததால் பாரம் எல்லாம் கீழேதான்.

முன்தூணின் அடியையும் குத்திப் பாருங்கள். முன் மட்கார்டின் பின்மூலையில், தூணை ஒட்டி, சக்கரம் வாரி அடிக்கும் சேறு தங்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய வண்டி என்றால் அங்கே செம்மண் கட்டியாகவே இருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, தூணை உள்ளிருந்து தின்றுவிடும். கீல் பிடிப்பது அந்தத் தூணில்தான்.

5. கீல்: கதவுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

கதவைப் பாதி திறந்து, பின் ஓரத்தைக் கையால் மேலே தூக்குங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் கீல் சுழலும் பின் (ஊசி) தேய்ந்துவிட்டது. பின்னை மாற்றுங்கள், துளையும் அகன்றிருந்தால் லேத் கடையில் சற்றுத் தடித்த பின் போட்டுத் தருவார்கள். தேய்ந்த கீலை வைத்துக்கொண்டு ஷிம் போட்டுக் கதவைத் தூக்கினால் அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். தேய்மானம் கூடக்கூடக் கதவு மறுபடி இறங்கும், அதற்குள் பெயிண்டும் அடித்திருப்பீர்கள்.

கீல் ஸ்க்ரூக்கள் பிடித்துப்போய் இருக்கும். முதல் நாள் மாலை துருநீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரால் கழற்றுங்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் முயன்று தலையை வழித்துவிட்டால் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

6. கதவு: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்

எதை வைத்துக் கதவைச் சரிபார்ப்பது? கூரையும் பின்பக்கப் பாடியும் வெல்டு பண்ணியவை, அசையாதவை. அவற்றை வைத்துத்தான். இரண்டு கதவு வண்டியில் கதவின் பின் ஓரத்தைப் பின்பாடியோடு ஒட்டிப் பாருங்கள். நான்கு கதவு என்றால் பின் கதவை முதலில் முடித்து, பிறகு அதற்கேற்ப முன் கதவு. முன் மட்கார்டைத் தொடவே கூடாது. அது கழன்று கிடக்கட்டும். மட்கார்டு மாட்டியிருந்தால் கண் அதையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பும். கீல் பக்கம் கை போகவும் இடம் இருக்காது.

கதவின் லாக் வந்து மாட்டும், தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வையுங்கள். கதவு ரப்பரையும் இப்போதைக்கு விடுங்கள். ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்துப் பொய் காட்டும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தொங்கும் கதவை ஸ்ட்ரைக்கரை உயர்த்தித் தூக்குகிறார்கள். மூடியிருக்கும்போது அழகாக இருக்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் கதவு கீழே விழும், மூடும்போது லாக் அதை மேலே இழுக்கும். லாக்கும் தேயும், கீலும் தேயும். ஸ்ட்ரைக்கரின் வேலை பிடித்து நிறுத்துவது மட்டுமே.

கதவைக் கீலில் மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் ஜாக்கின் மேல் கட்டையும் கம்பளியும் வைத்துத் தாங்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கேப்பில் 4 மி.மீ பிட்டுகளைச் செருகி, கதவைத் துளைக்குள் உட்கார வையுங்கள். அந்த நிலையில் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். நான் 4 மி.மீ-ஐத்தான் இலக்காக வைப்பேன். 3-க்குக் கீழே போனால் பெயிண்ட் ஏறிய பின் உரசும். ஆனால் எண்ணைவிட முக்கியம், ஓரம் முழுக்க ஒரே அளவாக இருப்பது. நேராக ஓடும் 5 மி.மீ கேப்பைக் கண் மன்னிக்கும். 3-இல் தொடங்கி 5-இல் முடியும் கேப்பை மன்னிக்காது.

ஷிம் போடுவதற்கு முன் கீலின் தகடு தூணின் எந்த முகத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். பின்னோக்கிய முகம் என்றால் ஷிம் கதவைப் பின்னால் தள்ளும். வெளிநோக்கிய முகம் என்றால் வெளியே தள்ளும். இதைப் பார்க்காமல் ஷிம் போடுபவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பார்கள்.

கதவின் பின் ஓரம் தொங்குகிறதா? மேல் கீலை முன்னால் இழுங்கள், அல்லது கீழ்க் கீலைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டும் பின் ஓரத்தைத் தூக்கும். எதைச் செய்வது என்பதை முன் கேப் சொல்லும். முன் ஓரத்தில் மேலே இடம் இருந்தால் மேல் கீல், கீழே நெருக்கமாக இருந்தால் கீழ்க் கீல். கொஞ்சமாகச் செய்யுங்கள். இரண்டு கீலுக்கும் நடுவே 40 செ.மீ, கதவின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ ஷிம் பின் ஓரத்தை 2.5 மி.மீ தூக்கிவிடும். அரை மில்லிமீட்டர் ஷிம் எதற்கு என்பது இப்போது புரியும்.

கதவு வெளியே துருத்துவதும் உள்ளே போவதும் இன்னும் நுணுக்கமானது. மேல் கீல், கீழ்க் கீல், லாக் இந்த மூன்று புள்ளிகளில்தான் கதவு நிற்கிறது. மேல் கீலை வெளியே தள்ளினால் கதவின் முன்மேல் மூலை வெளியே வரும். அதற்குக் குறுக்கே எதிரில் உள்ள பின்கீழ் மூலை உள்ளே போகும். பின்கீழ் மூலை துருத்துகிறது என்று அங்கேயே தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய திறவுகோல். ஒரு மூலை துருத்தினால் முதலில் எதிர்மூலைக் கீலைப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கீல், ஒரு மாற்றம். மாற்றியதும் மூடி, அளந்து, டேப்பில் எழுதுங்கள். இரண்டு கீலையும் ஒன்றாகத் தளர்த்தினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

7. கதவே முறுக்கியிருந்தால்

கீல் எல்லாம் சரி, ஆனாலும் மேல் ஓரம் பாடியோடு ஒட்டியிருக்க, கீழ் ஓரம் துருத்துகிறது என்றால் கதவு முறுக்கியிருக்கிறது. புதுத் தோல் (வெளித்தகடு) போட்ட கதவுகளில் இது சகஜம். தரையில் படுக்க வைத்து வெல்டு பண்ணியிருப்பார்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே நிற்கும் மூலையில், பின்தூணுக்கும் கதவுக்கும் நடுவே, கம்பளி சுற்றிய கட்டையைக் கொடுங்கள். துருத்தும் மூலையை உள்ளங்கையால் நிதானமாக, கூடிக்கொண்டே போகும் அழுத்தத்தில் தள்ளுங்கள். விட்டுப் பாருங்கள். இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். ஆகவே தேவைக்கு மேல் சற்றுத் தள்ள வேண்டியிருக்கும். குத்துவது, உதைப்பது வேண்டாம். தோல் மடிந்துவிடும்.

ஜன்னல் சட்டத்தின் மேல்மூலை வெளியே நின்றாலும் இதே முறைதான், முழங்காலைக் கீழே முட்டுக் கொடுத்து இரு கையாலும் இழுக்கலாம்.

8. முன் மட்கார்டு

கதவு முடிந்த பிறகுதான் இது. மட்கார்டு பல போல்ட்டில் நிற்கிறது, துளைகளும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் கதவுக்கு ஏற்ப அதை நகர்த்தலாம். மட்கார்டுக்கு ஏற்பக் கதவை நகர்த்தப் போனால் பின்பக்கம் கெடும்.

எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் போடுங்கள், ஒன்றைக்கூட இறுக்க வேண்டாம். கதவை மூடி 4 மி.மீ பிட்டுகளைச் செருகி, மட்கார்டை அதை நோக்கித் தள்ளிப் பிடித்து, கதவுப் பக்கத்து மேல் போல்ட்டை இறுக்குங்கள். அடுத்து அடிப்பக்கத்துப் போல்ட். இந்த இரண்டும் கதவுக் கேப்பைப் பூட்டிவிடும். அப்புறம் எஞ்சின் பக்கமாகப் பின்னிருந்து முன்னோக்கி. முன்னிருந்து தொடங்கினால் பிழையெல்லாம் பின்னால் வந்து சேரும், அதுவும் எல்லோர் கண்ணும் முதலில் போகும் கதவு ஓரத்தில்.

இப்போது கதவை மெதுவாகத் திறங்கள். கீல் சுழலும்போது கதவின் முன் ஓரம் மட்கார்டின் ஓரத்தை ஒட்டிப் போகும். இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள், உரசினால் டேப் காட்டிக்கொடுக்கும். தட்டையாகப் பார்க்கும்போது கதவின் முன் ஓரம் மட்கார்டைவிட அரை மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் நல்லது. வெளியே நின்றால் ஓட்டும்போது காற்று அதில் மோதிச் சத்தம் வரும்.

புதிதாகச் செய்து விற்கும் மட்கார்டுகள் நேராக உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள். துளை தள்ளியிருக்கும், மடிப்பு அகலமாக இருக்கும். துளையை அரத்தால் நீளமாக்கிப் பெரிய வாஷர் போடுங்கள். ஓரத்தை வெட்டுவது கடைசி வழி. துளையை நகர்த்தினால் திரும்பி வரலாம். வெட்டிய ஓரம் வராது. மாட்டிப் பார்த்து முடிவு செய்வதற்கு முன் அதற்குப் பெயிண்டும் அடிக்காதீர்கள். துளை தொட்ட பின் அந்த மட்கார்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் முதல் நாளே வெறுமனே சாய்த்து வைத்து வளைவைப் பார்த்துவிடுங்கள்.

9. பானெட்

மைனரின் பானெட்டுக்குக் கீல் பின்னால், கண்ணாடியின் கீழே. முன்னால் லாக். முதலில் லாக்கைக் கழற்றுங்கள். சரியாகப் பொருந்தாத பானெட் லாக்கில் விழுந்துவிட்டால் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பின் ஓரத்தின் உயரமும் முன்பின் நகர்வும் கீலில். முன் ஓரத்தின் உயரம் ரப்பர் தாங்கிகளிலும் லாக்கிலும். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலில் பின் கேப்பை ஒரே அளவாக்குங்கள், அடுத்து இரு பக்கமும் மட்கார்டோடு உள்ள கேப், கடைசியில் முன் உயரம்.

முதல் தடவை மூடும்போது ஒருவர் பக்கவாட்டில் குனிந்து பின்மூலைகளைப் பார்க்க வேண்டும். கீல் தளர்வாக இருக்கும்போது பானெட்டின் பின்மூலை பாடியில் குத்தி, தகடு மடிந்துவிடும். பாதியில் தடங்கல் தெரிந்தால் அழுத்தாதீர்கள்.

ஒரு முன்மூலை மட்டும் தூக்கி நின்றால், மறுபக்கத் தாங்கியின் மேல் கட்டை வைத்து, தூக்கிய மூலையை உள்ளங்கையால் அழுத்தி முறுக்கை எடுக்கலாம்.

10. பின் மட்கார்டு, பூட், முன் முகப்பு

பின் மட்கார்டும் போல்ட்டுதான். பாடிக்கும் அதற்கும் நடுவே பீடிங் என்ற ஓரப்பட்டை வரும். ஒத்திகையிலேயே பீடிங்கைப் போட்டுப் பாருங்கள். அதன் கனம் மட்கார்டை வெளியே தள்ளும். இல்லாமல் அளந்தால் கடைசியில் போல்ட் துளை ஒத்துவராது. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் இறுக்கிப் போனால் பீடிங் சுருங்காது.

பூட் (பின்னால் உள்ள சாமான் அறை) மூடிக்கும் பானெட் வரிசையே. முன் முகப்பும் கிரில்லும் கடைசியில், இரு மட்கார்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்துப் பொருத்துங்கள்.

11. கீல் தீர்க்காத கேப்

எல்லாம் முடிந்தும் ஓரிடத்தில் 6 மி.மீ நின்றால், ஓரத்தையே கூட்ட வேண்டும். மெல்லிய இரும்புக் கம்பியைக் கதவின் ஓரத்தில் வைத்து, 3 செ.மீ-க்கு ஒரு பொட்டாக இடம் மாற்றி மாற்றி வெல்டு பண்ணுங்கள். ஆற விட்டு, பிறகு இடையில் உள்ளதை நிரப்பித் தேயுங்கள். தொடர்ந்து வெல்டு ஓட்டினால் சூட்டில் தோல் அலை அலையாகிவிடும்.

கேப் குறைவாக இருந்தால், மடிப்பை டாலியில் வைத்துத் தட்டிக் கொஞ்சம் உள்ளே வாங்கலாம். மடிப்பைக் கிரைண்டரில் தேய்த்தால் தோல் தனியே பிரிந்துவிடும்.

புட்டியால் ஓரம் கட்டாதீர்கள். கதவு மூடும் அதிர்ச்சி அத்தனையும் அந்த ஓரத்தில்தான். ஒரு நாள் பிளவுபட்டு, தண்ணீர் உள்ளே போய், அடியில் துரு ஓடும். புட்டி சமதளத்தில் மெல்லியதாகப் பூச மட்டும்.

நம் ஊர் ஈரத்துக்கு வெறும் இரும்பு ஒரே இரவில் பழுப்பேறிவிடும். அன்றன்றைக்குத் தேய்த்த இடத்துக்கு அன்று மாலையே எபாக்ஸி பிரைமர். பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வரும்போது புது இடத்தைத் தேய்க்கத் தொடங்காதீர்கள்.

12. முழு ஒத்திகை

"அண்ணே, கேப் சரியாயிடுச்சு, பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வரும். இன்னும் இல்லை.

கதவுக்குள் கண்ணாடி, அதைத் தூக்கும் பொறி, லாக், கைப்பிடி எல்லாவற்றையும் மாட்டுங்கள். அந்த எடை ஏறியதும் கதவு கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பது இப்போது தெரிந்தால் கீலில் சரிசெய்யலாம். அடுத்து ரப்பர். புது ரப்பர் பழையதைவிடத் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். கதவைப் பின் ஓரத்தில் வெளியே தள்ளும். சில நாள் மூடியே வைத்தால் கொஞ்சம் படியும். படியாவிட்டால் வேறு ரப்பர்தான் வாங்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கதவை ஓங்கிச் சாத்திப் பழக்குவது வேலைக்காகாது.

ரப்பர் போட்டதும் ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவுக்குப் பிடித்து இழுபட வேண்டும். வழுக்கி வரும் இடத்தில்தான் மழை உள்ளே வரும். ஸ்ட்ரைக்கரை இப்போது மாட்டுங்கள். தளர்வாக விட்டு, கதவை மெதுவாக மூடி லாக்கே அதை நடுவில் இழுத்துக்கொள்ளும்படி செய்து, பிறகு இறுக்குங்கள்.

பெயிண்டின் கனத்தையும் கணக்கில் எடுங்கள். பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு ஓரத்துக்கு 0.2 மி.மீ அளவுக்கு ஏறும். கேப்புக்கு இரண்டு ஓரம். ஆக ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறையும். 4 மி.மீ இலக்கு வைத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

முடிந்தால் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளவுங்கள். தோட்டத்துச் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலே தளர்ந்த இடம் எது என்று தெரிந்துவிடும்.

13. அடையாளத் துளை போட்டுக் கழற்றுங்கள்

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கீலிலும், தகட்டையும் தூணையும் சேர்த்து, 3 மி.மீ துளை ஒன்று போடுங்கள். கீலுக்கு இரண்டு துளை இருந்தால் சுழலவும் வழியில்லை. மட்கார்டிலும் பானெட் கீலிலும் இதேபோல். பெயிண்ட் முடிந்து திரும்ப மாட்டும்போது அந்தத் துளையில் 3 மி.மீ பிட்டைச் செருகினால் எல்லாம் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். பென்சில் கோடும் பேனாக் கோடும் பெயிண்ட் கடையில் மறைந்துபோகும், துளை மறையாது. மறைந்தாலும் பிட்டால் குத்தித் திறக்கலாம்.

ஷிம்களை மறுபடி பையில் போட்டு எந்தக் கீல், மேலா கீழா, இடமா வலமா என்று எழுதி ஒட்டுங்கள். பெயிண்ட் கடைக்கு அனுப்பும்போது ஷிம் பைகளை வீட்டிலேயே வையுங்கள்.

14. பெயிண்டுக்குப் பின் மாட்டுவது

பெயிண்ட் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே இளசாக இருக்கும். பெயிண்ட்காரர் சொல்லும் நாள் வரை போல்ட் போடாதீர்கள். வாஷருக்கு அடியில் பெயிண்ட் நசுங்கி உரியும், அங்கிருந்துதான் முதல் துரு தொடங்கும்.

வரிசை மாறாது: கதவு, முன் மட்கார்டு, பானெட், பிறகு மற்றவை. எல்லா ஓரங்களுக்கும் இரண்டு அடுக்கு டேப். மோதிரம், கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் தூக்குங்கள். கூட வருபவரிடமும் சொல்லுங்கள். கதவுக்கு எப்போதும் இரண்டு பேர்.

போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மட்கார்டு பாடியைத் தொடும் மடிப்புகளில் சீலர் பூசி, அது இளகியிருக்கும்போதே போல்ட்டை இறுக்கி, பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளைகள் பெயிண்டாலோ சீலராலோ அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிட வேண்டும். ஜன்னல் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வெளியேறும் வழி அடைபட்டால் புதுக் கதவும் அடியிலிருந்து உளுக்கும்.

அடிப்பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு ஸ்பிரே அடிப்பது இந்தக் கட்டத்தில்தான். வெல்டிங்குக்கு முன் அடித்தால் எரிந்துபோகும், பெயிண்டுக்கு முன் அடித்தால் பெயிண்ட் ஒட்டாது. உள் அட்டை மாட்டுவதற்கு முன் அடித்துவிடுங்கள். முதல் மாதம் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கீல் ஸ்க்ரூக்களை முதலில்.